நம்ம ஊர் நெசவு

ஜீலாங்,
4 ஜூன் 1888

தம்பி ஹொரேசுக்கு,

கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை, ஈஸ்டருக்கு ஓர் அட்டை என்று ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டோம். இது அட்டை இல்லை. உட்கார்ந்து படி.

சனிக்கிழமை எங்கள் பத்திரிகையில் உன் பெயரைப் பார்த்தேன். 'உள்நாட்டுத் தொழில் ஆதரவுச் சங்கத்தின் பத்தாண்டு வரலாறு, எழுதுபவர் சங்கச் செயலாளர் திரு. ஹொரேஸ் கார்லண்ட்.' ஆகஸ்டில் மெல்பர்ன் பொருட்காட்சிக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் அந்தப் புத்தகம் இருக்குமாம். அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே, மாதிரிக்கு என்று அரைப் பக்கம் அச்சடித்திருந்தார்கள். நீ எழுதியதை உனக்கே எடுத்து எழுதுகிறேன்.

'சங்கத்தின் நற்பெயருக்கு நேர்ந்த ஒரே களங்கம், ஜீலாங் நெசவாலை உரிமையாளர் ஜேபஸ் ரெனிக், உள்ளூரில் நெய்த கம்பளித் துணியைச் சீமைத் துணி என்று வாங்குவோர் நம்பும்படி சீட்டு ஒட்டி விற்றதாகும். ஏமாற்றும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டு அவர் நீக்கப்பட்டார்.'

யார் மெய்ப்பித்தது? அந்தச் சீட்டில் இருந்தது மூன்றே சொல், 'நம்ம ஊர் நெசவு'. இங்கே ஜீலாங்கில், பார்வன் ஆற்றங்கரையில் நெய்த துணிக்கு அப்படிப் பெயர் வைத்தார். மெல்பர்னில் எவனோ ஒரு ஜவுளிக்கடைக்காரன் அதை எடுத்து, 'நம்ம ஊர்' என்றால் இங்கிலாந்து என்று பல்லைக் காட்டி விற்றுவிட்டான். பழி உன் அத்தான் தலையில் விழுந்தது. நீக்கினீர்கள். சங்க முத்திரை இல்லாத துணியை எந்தக் கடையும் எடுக்கவில்லை. பதினெட்டுத் தறி ஓடிய இடத்தில் இப்போது ஐந்து ஓடுகிறது. அதோடு விட்டிருக்கக் கூடாதா?

அந்தப் பத்திரிகையை நான் அலமாரித் தட்டில் விரித்துவிட்டேன், அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை டப்பாவைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்று படித்தார். படித்து முடித்து, டப்பாவை அந்தப் பத்தியின் மேலேயே வைத்தார். "டீ ஆறிப்போச்சு தபிதா" என்றார்.

லெட்டிக்கு செப்டம்பரில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை பெர்சியின் அப்பா போதகர். அந்த வீட்டில் பத்திரிகை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். அந்த நாலு வரியை எடுத்துவிடு. உன் அக்கா கேட்கிறேன்.

தபிதா

*

மெல்பர்ன்,
8 ஜூன் 1888

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பகுதியையே தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வருந்துகிறேன்.

ஆனால் ஒன்றை நீ புரிந்துகொள்ள வேண்டும். வரலாற்றை நான் கற்பனையிலிருந்து எழுதவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் இருப்பதை எழுதுகிறேன். 1879 மே மாதக் கூட்டத்தில் 'ஏமாற்றும் நோக்கத்துடன்' என்ற சொற்கள் பதிவாகியிருக்கின்றன. தலைவர் திரு. க்ரோகன் அத்தியாயத்தைப் படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். செயலாளர் தன் உறவினருக்காக ஒரு பக்கத்தைக் கிழித்தார் என்று நாளை எவரும் சொல்லிவிடக் கூடாது.

அன்றைக்கு ஜேபஸுக்குப் பேச வாய்ப்பு தரப்பட்டது. நான் அங்கே இருந்தேன். தலைவர் நேராகவே கேட்டார்: "நம்ம ஊர்னா எதைச் சொல்றீங்க ரெனிக்?" அதற்கு அவர், "நம்ம ஊர்னா நம்ம ஊர்தான்" என்றார். இன்னும் இரண்டு முறை கேட்டோம். வாயைத் திறக்கவில்லை. அக்கா, குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு காரணமும் சொல்லாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனால் பதினோரு பேர் என்ன முடிவுக்கு வருவார்கள்?

இருந்தாலும் உனக்காக ஒன்று செய்கிறேன். ஜூன் 27 புதன்கிழமை குழு கூடுகிறது. 30-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. ஜேபஸ் தன் விளக்கத்தை எழுத்தில் தந்தால் அதைக் குழுவின் முன் வைக்கிறேன். காரணம் வலுவாக இருந்தால் மாற்றலாம். காரணம் இல்லாமல் முடியாது.

லெட்டிக்கு என் வாழ்த்துகள்.

ஹொரேஸ்

*

ஜீலாங்,
12 ஜூன் 1888

ஹொரேஸ்,

'வருந்துகிறேன்' என்று நீ எழுதினால் அது சங்கத்தின் முத்திரையோடு வந்த மாதிரி இருக்கிறது. முன்னெல்லாம் "போடி" என்று எழுதுவாய். அதுவே தேவலாம்.

விளக்கம் எழுதித் தரச் சொல்லி அவரிடம் கேட்டேன். சாயத் தொட்டி பக்கம் நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை நீலம். "உங்க மேல எழுதியிருக்கான், ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன?" என்றேன். "விடு தபிதா" என்றார். "அன்னிக்கும் இப்படித்தான் விட்டீங்க. இன்னிக்குப் புத்தகத்துல ஏறுது." "ஏறட்டும். புத்தகம் யாரு படிக்கிறா?" அந்த மனிதரோடு இருபத்தொரு வருஷம் குடித்தனம் செய்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டுவிடுகிறார்.

சரி, அவர் பேசவில்லை. நீ ஏன் பேசவில்லை?

மறந்துவிட்டாயா? சீட்டை அச்சடிக்கும் முன் அவர் அதை உனக்குத்தான் அனுப்பினார். சங்கச் செயலாளர் என்ற முறையில் நீ பதில் போட்டாய். 'அருமை, அச்சடியுங்கள்' என்று எழுதியிருந்தாய். மேல் வரியை நான் என் கண்ணால் பார்த்தேன், உன் கையெழுத்துதான். அவரை நீக்கிய அன்று சாயங்காலம் அதை அடுப்பில் போட்டார். "என்ன செய்றீங்க?" என்று பதறிக்கொண்டு ஓடினேன். "இது வெளிய வந்தா உன் தம்பி வேலை போயிடும். இப்பதான் கல்யாணம் பண்ணியிருக்கான்" என்றார். நானும் ஒன்பது வருஷமாக அதை வெளியே விடவில்லை. உனக்காகத்தான் விடவில்லை, தெரிந்துகொள்.

அந்தக் கடிதம் சாம்பலாகிவிட்டது. ஆனால் உன் அலுவலகத்தில் அனுப்புகிற கடிதத்துக்கெல்லாம் நகல் புத்தகம் உண்டு. எத்தனை முறை அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறாய்! 1879-ஆம் வருஷப் புத்தகத்தை எடுத்துப் பார். காரணம் அதிலேயே இருக்கிறது.

தபிதா

*

மெல்பர்ன்,
15 ஜூன் 1888

அன்புள்ள அக்கா,

79-ஆம் ஆண்டு நகல் புத்தகம் கூரை ஒழுகியதில் ஈரமாகிவிட்டது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டு படிக்கும் நிலையில் இல்லை. அப்படியே படிக்க முடிந்தாலும், 'அருமை' என்று நான் எழுதியதால் அவர் நோக்கம் நல்லது என்று ஆகிவிடுமா? சீட்டின் அழகைப் பாராட்டினேன் என்றுதான் தலைவர் சொல்வார்.

கோபப்படாமல் யோசித்துப் பார். நீயும் நானும் இதே மெல்பர்னில், காலிங்வுட்டில் பிறந்தவர்கள். இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்று வெயிலில் வியர்வை வழிய உட்கார்ந்துகொண்டு என்ன பேசுகிறோம்? "நம்ம ஊர்ல இப்பப் பனி கொட்டும்" என்கிறோம். வாரா வாரம் கப்பல் வந்ததும், "நம்ம ஊர்த் தபால் வந்தாச்சா?" என்று கேட்கிறோம். இந்த நாட்டில் பெரியவர், சின்னவர், ஆண், பெண் யாரைக் கேட்டாலும் 'நம்ம ஊர்' என்பது இங்கிலாந்துதான். கடைக்கு வருகிற பெண்கள், "இது நம்ம ஊர்த் துணியா, இல்ல இங்க செஞ்சதா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஒழிக்கத்தான் சங்கமே ஆரம்பித்தோம். அப்படியிருக்க, ஒருவர் ஜீலாங்கை மனத்தில் வைத்து 'நம்ம ஊர்' என்று அச்சடித்தார் என்றால் யார் நம்புவார்கள்?

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஒரே ஒரு காரணம் கொடு. நம்பும்படியான காரணம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹொரேஸ்

*

ஜீலாங்,
19 ஜூன் 1888

தம்பி,

காரணம் கேட்டாயே, கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'யார் நம்புவார்கள்' என்ற இடத்தில் நிறுத்தினார். "சரியாத்தான் எழுதியிருக்கான். அவங்க யாருக்கும் புரியாது" என்றார். "எனக்காவது புரிய வையுங்க" என்று அழுதுவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலேறி வந்தார்கள் என்றுதானே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்? அது பொய். அவர் அப்பா எசேக்கியேல் ரெனிக் வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ரொட்டி கிடைக்காத வருஷம் ஒன்றில், துறைமுகத்துக்குப் போகிற கோதுமை வண்டிகளை ஒரு கூட்டம் மறித்ததாம். அதில் இவரும் நின்றிருக்கிறார். ஏழு வருஷம் தீவாந்திர தண்டனை. காலில் விலங்கோடு, அப்போது கைதிகளை அனுப்பிய வான் டீமன் தீவில், லான்செஸ்டனில் இறக்கினார்கள். உன் அத்தான் அங்கேதான் பிறந்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்கிறார்களே என்று வீட்டில் வந்து 'நம்ம ஊர்' என்று இங்கிலாந்தைச் சொன்னாராம். அப்பா ஓங்கி ஓர் அறை விட்டாராம். "அது நம்மளத் தூக்கி எறிஞ்ச ஊருடா. நம்ம ஊரு இது." அதற்கப்புறம் அந்தச் சொல்லுக்கு அவருக்கு வேறு அர்த்தமே இல்லை. சீட்டில் போடும்போது மற்றவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

"அன்னிக்குக் குழுவுல சொல்லியிருக்கலாமே?" என்றேன். "கைதி மகன்னு சொல்லவா? லெட்டிக்கு அப்பப் பத்து வயசு. நீ பக்கத்து வீட்டு மேரி ஜோன்ஸ் வாசல்ல கூட நிக்க முடிஞ்சிருக்காது. ஏமாத்துக்காரன்னா நாலு வருஷத்துல மறந்துடுவாங்க தபிதா. இத மறக்க மாட்டாங்க" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கைதியின் ரத்தம் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை என்னால் மறைக்க முடியவில்லை. எவ்வளவு கேவலமானவள் நான்! இந்த மனிதர் கையால் நெய்த துணியைத்தானே இருபத்தொரு வருஷமாக உடுத்துகிறேன்.

இதை உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. நீ நம்ப வேண்டும் என்பதற்காக எழுதினேன். வெளியே சொல்வதற்காக இல்லை. படித்துவிட்டு எரித்துவிடு. உன் மனத்துக்கு உண்மை தெரிந்துவிட்டதல்லவா, வேறு ஏதாவது வழி கண்டுபிடித்து அந்த வரிகளை எடுத்துவிடு.

தபிதா

*

மெல்பர்ன்,
21 ஜூன் 1888

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜேபஸ் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது.

இது போதும் அக்கா. இதைவிட வலுவான காரணம் கிடையாது. நேற்றே தலைவரைப் பார்த்தேன். நயமாகத்தான் சொன்னேன், அவர் வெளியே விடமாட்டார். முதலில் உறுமினார். பிறகு, "பிறப்பு சம்பந்தப்பட்ட விஷயம்னா யோசிக்கலாம். பெண்டாட்டிக்கே சொல்லலையாமே? பாவம்" என்றார். 'ஏமாற்றும் நோக்கம்' என்பதை எடுத்துவிட்டு, 'தம் குடும்பப் பின்னணியின் காரணமாகச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்தினார்' என்று போடலாம் என்கிறார். புதன்கிழமை குழு ஒப்புக்கொள்ளும் என்றே நினைக்கிறேன்.

நகல் புத்தகத்தைத் தேட வேண்டிய அவசியமும் இனி இல்லை. உனக்கு இப்போதாவது நிம்மதியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஹொரேஸ்

*

ஜீலாங்,
22 ஜூன் 1888

ஹொரேஸ்,

காலையில் அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். 'யாரிடமும் சொல்லாதே' என்ற இரண்டு சொல்லில் என் கோபம் அடங்காது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

க்ரோகனிடம் போய்ச் சொன்னாயா? தான் தைக்கிற பூட்ஸைத் தானே போடாமல் சீமை பூட்ஸை வரவழைத்துப் போட்டுக்கொண்டு மேடையில் உள்நாட்டுத் தொழிலைப் பற்றி முழங்குகிற அந்த மனிதரிடம்? என் வீட்டுக்காரரின் அப்பாவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாயா? 'குடும்பப் பின்னணி'யாம். அந்த இரண்டு சொல்லைப் படிக்கிற எவனுக்கும் விஷயம் புரிந்துவிடும். அதற்கு ஏமாற்றுக்காரன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது எனக்கு ஒன்று விளங்குகிறது. நகல் புத்தகம் நனையவே இல்லை. உன் கடிதத்தில் 'அருமை' என்பதோடு வேறு ஏதோ இருக்கிறது. அதைத் திறந்தால் உன் தலை உருளும். அதனால் இன்னொருவர் அப்பாவின் விலங்கை எடுத்துக் காட்டுகிறாய். உனக்கு அது சுலபமாக இருக்கிறது. சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாயே, நாற்பது வயது ஆகப்போகிறது, இன்னும் அதைத்தான் செய்கிறாய்.

நான் செய்ததையும் மறைக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு, "க்ரோகன் வாயால அது வெளிய வரக் கூடாது தபிதா. நானே போறேன்" என்றார். புதன்கிழமை காலை ரயிலில் வருகிறார். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. தடுக்கப் பார்க்காதே.

உன்னிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். அங்கே என்ன நடந்தாலும் அவர் அப்பாவின் பெயர் அச்சில் ஏறக் கூடாது. சபையில் பேசுவது காற்றோடு போய்விடும். புத்தகம் பெர்சி வீட்டு அலமாரியில் இருக்கும். லெட்டி என்ன பாவம் செய்தாள்? இதையாவது காப்பாற்று.

தபிதா

*

மெல்பர்ன்,
28 ஜூன் 1888

அக்கா,

அத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார். அவர் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

மூன்று மணிக்குக் குழு கூடியது. பதினோரு பேரும் வந்திருந்தார்கள். இரண்டாவது விஷயத்தைத் தலைவர் எடுக்கும்போது அத்தான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். பழுப்புக் கோட்டு, சொந்த ஆலைத் துணி. அந்த அறையிலேயே, உள்நாட்டுத் துணியே உடுத்த வேண்டும் என்ற சங்க விதிப்படி உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"உங்களை யாரும் கூப்பிடலையே ரெனிக்" என்றார் க்ரோகன்.

"கூப்பிட்டு வர்றதுக்கு நான் உறுப்பினர் இல்லைங்க. என் பேர் இங்க அடிபடுதுன்னு கேள்விப்பட்டு வந்தேன். ரெண்டு நிமிஷம் போதும்."

யாரும் உட்காரச் சொல்லவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார். எழுதிவைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"நம்ம ஊர்னா எதுன்னு இதே மேசையில கேட்டீங்க. அன்னிக்குப் பதில் சொல்லத் தைரியம் இல்ல. இன்னிக்குச் சொல்றேன். எங்கப்பா பேரு எசேக்கியேல் ரெனிக். பசிக்காக வண்டிய மறிச்சாரு. ஏழு வருஷம் தீவாந்திரம். விலங்கோட கொண்டாந்து லான்செஸ்டன்ல இறக்குனாங்க. நான் அங்க பிறந்தேன். உங்க எல்லாருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான் ஊரு. அதத்தான் சீட்டுல போட்டேன். யாரையும் ஏமாத்தணும்னு போடல."

பக்கத்தில் இருந்த ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அத்தான் அதைப் பார்த்தார்.

க்ரோகன் பொறுமையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "வருத்தமான கதைதான். ஆனா பாருங்க, கட்டின பெண்டாட்டிகிட்டயே இருபது வருஷம் மறைச்ச ஆளு நீங்க. இப்ப வந்து நிஜம் பேசுறேன்னா, உங்க வாக்கை வச்சுப் புத்தகத்தத் திருத்த முடியுமா? அன்னிக்கு இதத்தான் நினைச்சீங்கன்னு காட்ட ஏதாவது எழுத்து இருக்கா?"

பெண்டாட்டியிடம் மறைத்தார் என்பதை க்ரோகன் என்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். என் வாயிலிருந்து போனதையே எடுத்து அத்தான் மேல் எறிந்தார்.

"எழுத்து ஒண்ணும் இல்லைங்க" என்றார் அத்தான்.

அக்கா, அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் அலமாரி. நீ சொன்னது சரி, எந்தக் கூரையும் ஒழுகவில்லை. 79-ஆம் ஆண்டுப் புத்தகம் காய்ந்து மொரமொரவென்றுதான் இருக்கிறது. உன் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

எழுந்து எடுத்தேன். பக்கம் 212. சத்தமாகப் படித்தேன். உனக்கும் எழுதுகிறேன்:

'அன்புள்ள ஜேபஸ், சீட்டு மாதிரி கிடைத்தது. அருமை, அச்சடியுங்கள். ஜீலாங்கை நம்ம ஊர் என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான். படித்ததும் சிரித்துவிட்டேன். ஆனால் நம் சங்கம் வேறு எதற்காக இருக்கிறது? ஒருநாள் எல்லாரும் அப்படிச் சொல்லிப் பழக வேண்டும் என்பதற்குத்தானே.'

க்ரோகனின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப அவர் எந்த ஊரச் சொல்றார்னு அன்னிக்கே உனக்குத் தெரியும்?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா ஏமாத்துற நோக்கம்னு குறிப்புல எழுதின?"

"நீங்க எழுதச் சொன்னீங்க. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்துது. எழுதிட்டேன்."

இதுதான் விஷயம் அக்கா. பயந்தேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. கடைசியில் வரலாறு எழுத உட்கார்ந்தபோது நான் எழுதிய பொய்யையே ஆதாரமாக எடுத்து மறுபடி எழுதினேன்.

பிறகு குழு அரை மணி நேரம் சண்டை போட்டது. 1879-ஆம் ஆண்டுக்கு எதிரே 'குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை' என்று போட்டு முடித்துவிடலாம் என்று ஆறுக்கு ஐந்தாக முடிவு செய்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலம் அச்சகத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்தில் என் கடிதத்தை முழுதாகக் கொடுத்திருக்கிறேன். ரெனிக் குற்றமற்றவர், தவறு செயலாளர் ஹொரேஸ் கார்லண்டுடையது என்று அதன் கீழே சேர்த்தேன். அச்சுக்காரருக்கு என் கையெழுத்து இருந்தால் போதும். க்ரோகன் அட்டையில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். வெளியே வந்த பிறகு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் எலனிடம் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

நீ கேட்டபடி அத்தானுடைய அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட வராது.

கூட்டம் முடிந்து இறங்கியபோது அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. சூடா ஏதாவது சாப்பிடலாமா?" என்றார். ஆட்டிறைச்சி அடைத்த ரொட்டி ஆளுக்கு ஒன்று நின்றபடியே சாப்பிட்டோம்.

உன் தம்பி,
ஹொரேஸ்

*

ஜீலாங்,
23 ஜூலை 1888

தம்பி,

உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நீ எழுதிய இரண்டு வரி கிடைத்தது. க்ரோகன் புத்தகத்தைத் திரும்பப் பெற முடியாமல் தவிக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். நூலகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் போய்ச் சேர்ந்ததை இனிப் பிடுங்கினால் ஊர் சிரிக்கும் அல்லவா. எலனையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இரு. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று உன் அத்தான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. சாப்பாடு போடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

புத்தகம் வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு 41-ஆம் பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினார், முன்னே போனார், பின்னே வந்தார். எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"எங்கப்பா பேரைக் காணோமே" என்றார்.



"பதினோரு பேர் முன்னாடி நின்னு சொன்னேன் தபிதா. அதச் சொல்ல எனக்கு நாப்பத்தஞ்சு வயசு ஆச்சு. உன் தம்பி தன் தப்பையெல்லாம் எழுதியிருக்கான், நல்ல பையன். ஆனா என் அப்பனை மட்டும் ஏன் விட்டுட்டான்? அவனுக்கும் கூச்சமா?"

கூச்சம் உனக்கு இல்லை. எனக்குத்தான். அன்று அதைச் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் உன்னைத்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தார், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னைப் பற்றி எவ்வளவு எழுதினேன் நான்! அதையே செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை சொல்லிவிட்டேன். விடச் சொன்னது நான்தான், லெட்டிக்காக என்று. லெட்டி அப்போது அங்கேதான் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா, அப்பா எங்கிட்ட அப்பவே சொல்லிட்டாரு. பெர்சிகிட்ட நானே சொல்லி மூணு வாரம் ஆச்சு" என்றாள். மூன்று வாரமாக அந்தப் பிள்ளை இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. சளி பிடித்திருக்கிறது என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். தாத்தா பேரை என்னைச் சாக்கா வச்சு மறைக்காதீங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் மனத்தில் அவன் இல்லை என்று நான் உனக்குப் பொய் எழுதமாட்டேன். அவள் அப்பா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

பொருட்காட்சிக்கான பிரதிகள் இன்னும் புத்தகம் தைக்கிற இடத்திலேயே இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். அச்சுக்காரர் உன் பேச்சை இன்னும் கேட்பார் என்றால், கீழே உள்ளதைத் திருத்தச் சீட்டாக அடித்து முதல் பக்கத்தில் ஒட்டச் சொல். வாசகம் லெட்டி சொன்னாள், எழுதுவது நான். உன் அத்தான் படித்துப் பார்த்துவிட்டார், ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

தபிதா

*திருத்தம். பக்கம் 41, வரி 9: 'ஜேபஸ் ரெனிக்' என்று உள்ளதை 'விலங்கோடு லான்செஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்ட எசேக்கியேல் ரெனிக்கின் மகன் ஜேபஸ் ரெனிக்' என்று திருத்திப் படிக்கவும்.*